மூளைக் காயத்துக்குப் பிறகு பழக்கும்போது ஊகிக்க விடாதீர்கள்

மூளைக் காயத்தால் நினைவாற்றல் பெரிதும் குறைந்தவருக்கு ஒன்றைப் பழக்கும்போது, "யோசிச்சுச் சொல்லுங்க பார்ப்போம்" என்று சோதிக்காதீர்கள். சரியான விடையை முதலிலேயே சொல்லி, அதையே செய்ய விடுங்கள். மின்தூக்கிக்குள் நுழைந்ததுமே, "அப்பா, நம்ம வீடு ஒன்பதாவது மாடி, 9ஐ அழுத்துங்க" என்றால் போதும்.

நடந்ததை நினைவில் வைக்கும் ஆற்றல் சிதைந்தாலும், செய்து செய்து பழகும் நினைவு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆனால் அதற்குச் சரி, தவறு பிரிக்கத் தெரியாது. அவர் ஊகித்து 6ஐ அழுத்தி நீங்கள் திருத்தினால், திருத்தியது மறந்துவிடும், 6ஐ அழுத்தியது மட்டும் பதிந்துவிடும்.

தொடர்ந்து சரியாகச் செய்யத் தொடங்கியதும் உதவியைக் குறையுங்கள்: முதலில் "ஒன்ப..." என்று பாதிச் சொல், பிறகு வெறும் சைகை. தயங்கினால் காத்திருக்காமல் முழுவதையும் சொல்லிவிடுங்கள். வீட்டுப் பணிப்பெண் உட்பட எல்லாரும் ஒரே சொற்களையே பயன்படுத்த வேண்டும். பல வீடுகளில் இது கெடுவது இங்கேதான்.

லேசான மறதி உள்ளவர்களுக்கு இந்த முறை வேண்டாம். தங்கள் தவறை நினைவில் வைக்க முடிகிறவர்கள் தாமே முயன்று நினைவுகூர்வதுதான் நல்லது. இந்த மின்தூக்கியில் பழகியது மகள் வீட்டு அடுக்குமாடி புளோக்கில் கைகொடுக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், அங்கே புதிதாகத்தான் பழக்க வேண்டும். குழப்பம் திடீரென அதிகமாகி, கடும் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் சேர்ந்தால் பழக்குவதை விட்டுவிட்டு உடனே சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள்.