பழைய கம்பெனியை ஒன்று சேர்ப்பது எப்படி?

ராணுவத்தில் எங்கள் கம்பெனியில், அதாவது நாங்கள் ஒன்றாக இருந்த படைப்பிரிவில், நான் வயர்லெஸ் ஆப்பரேட்டர். சண்டை முடிந்து ஊர் திரும்பியபின், எங்கள் ஆட்களை இதுவரை பதினொரு தடவை ஒன்று கூட்டியிருக்கிறேன். வேறு கம்பெனிக்காரர்கள் போன் செய்து, "எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்கிறார்கள். மண்டபம், பந்தல், சாப்பாடெல்லாம் யாராவது பார்த்துக்கொள்வார்கள். பெயர்ப் பட்டியலிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒரு நோட்டு போதும். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு பக்கம், களத்திலேயே போனவர்களுக்கு ஒரு பக்கம். மூன்றாவதாகவும் ஒரு பக்கம் விடுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வீடு வந்து சேர்ந்த பிறகு நோயிலும் விபத்திலும் போனவர்கள், தாங்களே உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் எல்லோருக்கும் உரிய பக்கம் அது. அந்தப் பெயர்களையும் அதே குரலில், அதே மரியாதையோடு வாசிக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

முதல் வருடம் நான் தாளைப் பார்த்து வாசித்தேன். ஒரு பையனின் பெயரில் நெடிலைக் குறிலாக்கிவிட்டேன். மூன்றாவது வரிசையிலிருந்து அவன் அம்மா எழுந்தார். கோபமெல்லாம் இல்லை. மகன் பெயரைச் சரியாக, மெதுவாக ஒரு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நானும் திரும்ப வாசித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரு வாரம் முன்னதாகவே எல்லாக் குடும்பத்துக்கும் போன் செய்துவிடுகிறேன். வயர்லெஸ்ஸில் வந்த செய்தியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வோமே, அதே மாதிரி அவர்கள் சொல்லும் பெயரை நான் திருப்பிச் சொல்வேன். "சரிதான்" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் பக்கத்தில் டிக் போடுவேன்.

பெயர்களை ரேங்க்படி வரிசைப்படுத்தாதீர்கள். 1982-இல் வாஷிங்டனில் எழுப்பிய வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000-க்கும் அதிகமான பெயர்கள் இருக்கின்றன. அகர வரிசையும் இல்லை, பதவி வரிசையும் இல்லை, வீழ்ந்த தேதிப்படி வெட்டியிருக்கிறார்கள். ஒரே நாளில் போனவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் வாசிக்கிறோம். ஒரு தேதியைச் சொன்னதுமே, கம்பெனிக்குள் சிறு குழுவான அந்த செக்‌ஷன் ஆட்கள் தலை நிமிர்வதை மேடையிலிருந்து பார்க்கலாம்.

ரோல்கால் முறை இதுதான். உயிரோடு இருப்பவர் பெயரைக் கூப்பிட்டால் அவர் "பிரசன்ட்" சொல்வார். போனவர் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். தொண்டை அடைக்கும், அவசரப்பட்டு அடுத்த பெயருக்குத் தாவத் தோன்றும். தாவக் கூடாது. கடைசிப் பெயருக்கு அப்புறம் பியூகிள் என்ற ஊதுகொம்பின் இசை, அதன் பின் இரண்டு நிமிட மௌனம். முதல் உலகப்போர் ஓய்ந்து ஒரு வருடம் கழித்து, 1919 நவம்பர் 11 அன்று பிரிட்டனில் நாடே நின்று கடைப்பிடித்தது அந்த இரண்டு நிமிடம். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அழுகையை அடக்கிக்கொண்டு நிற்பவருக்கு நாற்பது வினாடியே இரண்டு நிமிடமாகத் தெரியும்.

நாற்காலி போடும்போது சுவரை ஒட்டிய வரிசையை நம் ஆட்களுக்கு விட்டுவிடுங்கள். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார இன்றைக்கும் முடியாதவர்கள் உண்டு. பட்டாசு வேண்டாம், பலூன் வேண்டாம். யாராவது எழுந்து வெளியே போனால் கூடவே போய் நிற்க ஒருவரை வாசலில் நிறுத்துங்கள். அவர் ஒன்றும் கேட்க வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும்.

இறந்தவர்களின் குடும்பத்தை மேடையில் ஏற்றி உட்காரவைக்காதீர்கள். அவனோடு இருந்த செக்‌ஷன் ஆட்களுக்கு நடுவே உட்காரவையுங்கள். கடைசி நேரத்தைப் பற்றி அவர்களாகக் கேட்டால் மட்டும், கூட இருந்த ஒருவர் சொல்லட்டும். இல்லாததைச் சேர்த்துச் சொல்லக் கூடாது. பெரும்பாலும் அவர்கள் கேட்பது வேறு ஏதாவதாக இருக்கும். அப்பா போனபோது வயிற்றிலிருந்த பெண், பத்தொன்பது வயதில் முதல் தடவை வந்தவள், "அப்பா குறட்டை விடுவாரா?" என்று கேட்டாள். நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அந்த மேஜையில் இரவு ஒரு மணி வரை பேச்சு ஓயவில்லை. இந்த மாதிரிப் பேச்சுக்கு நேரம் விடுங்கள், உரைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு உரை, அதுவும் ஐந்து நிமிடம்.

1942-இல் டோக்கியோமீது குண்டு வீசப் போன அமெரிக்காவின் டூலிட்டில் படையினர் 80 பேர். அவர்களுக்கென்று பெயர் பொறித்த 80 வெள்ளிக் கோப்பைகள் இருந்தன. ஒருவர் இறந்தால் அவர் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார்கள். 2013-இல் கடைசித் தடவையாகக் கோப்பை உயர்த்தியபோது அங்கே வந்திருந்தவர்கள் மூன்றே பேர். இதைப் படித்துவிட்டு நாங்கள் சாதாரண எனாமல் மக்குகளில் பெயர் எழுதி வைத்தோம். ஒவ்வொரு வருடமும் கவிழ்க்க வேண்டிய மக்கை, அவருக்கு நெருங்கியவரே வந்து கவிழ்ப்பார்.

வர மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள், ஆனால் அழைப்பதை நிறுத்தாதீர்கள். எங்களில் ஒருவர் ஒன்பது வருடம் வரவில்லை. பத்தாவது வருடம் வாசல் வரை வந்தார், காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி ரோல்காலைக் கேட்டார். அவர் பெயரைக் கூப்பிட்டபோது வெளியிலிருந்து "பிரசன்ட்" என்று சத்தம் வந்தது.

எல்லோரும் கிளம்பியதும் வேலை முடிந்துவிடாது. மறுநாள் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார்கள், மூன்றாம் நாள் இரவுதான் மோசம். பட்டியலைப் பிரித்து ஆளுக்கு நாலு பேர் என்று கொடுத்து, அன்றைக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். "நேத்து ராத்திரி தூங்கினியா?" என்று கேட்டால் போதும். "இல்லடா" என்று பதில் வந்தால் அவசரமாகப் போனை வைக்க வேண்டியிராத நேரமாகப் பார்த்து அழையுங்கள்.