மூணாறு உறைபனியில் வாஷர் தண்ணீர் வரவில்லையா? டேங்கைக் கழற்றாதீர்கள்

செண்டுவரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் ராத்திரி முழுக்கத் திறந்த வெளியில் காரை நிறுத்தி, ஜனவரி விடியற்காலையில் எடுக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். போடி பக்கமிருந்து வருகிற நண்பர்கள் முன்கண்ணாடி கழுவும் வாஷர் டேங்கின் தண்ணீரே உறைந்து கட்டியாகிவிட்டது என்று முடிவு கட்டி, சுடுதண்ணீரோடு வந்து நிற்பார்கள். நம் மலையில் குளிர் சைபரைத் தொட்டு, சில வருடம் ஒன்றிரண்டு டிகிரி கீழேயும் போகும், ஆனால் வெயில் ஏறியதும் விட்டுவிடும். அந்தச் சில மணி நேரத்தில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் முழுக்க உறையாது. உறைவது கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் நாசிலின் ஊசித் துளையும் பானெட்டுக்கு அடியில் ஓடும் மெல்லிய குழாயும்தான்.

முதலில் எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, வாஷர் லீவரை இழுத்து மோட்டார் சத்தத்துக்குக் காது கொடுங்கள். இரண்டு விநாடி போதும், அழுத்திப் பிடித்தே இருந்தால் மோட்டார் போய்விடும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், வயர் இணைப்பு, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ர்ர் என்று சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் பனி, அழுக்கு, கழன்ற குழாய், இந்த மூன்றில் ஒன்று. எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பீய்ச்சினால் அது பனிதான். நல்ல வெயிலிலும் வரவில்லையென்றால் நாசிலிலிருந்து குழாயை உருவிவிட்டு லீவரை இழுங்கள். குழாயில் தண்ணீர் கொட்டினால் நாசிலில்தான் அடைப்பு. தையல் ஊசி உள்ளேயே ஒடிந்துகொள்ளும், பழைய பைக் பிரேக் கேபிளில் பிரித்த ஒற்றைக் கம்பிக்கு ஈடே இல்லை.

அடுத்து, உறையாமல் இருக்க டேங்கில் ஊற்றும் கலவை. கடையில் விற்கும் வாஷர் திரவம் வாங்கினால் எத்தனை டிகிரி வரை உறையாது என்று பாட்டிலில் போட்டிருக்கிறதா பாருங்கள், போடவில்லையென்றால் வெறும் சோப்புத் தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற ஸ்பிரிட்: ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், மூணாறு குளிருக்கு அது தாராளம். சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் எஞ்சின் ஆறிய பிறகு ஊற்றுங்கள், பக்கத்தில் பீடி கூடாது.

எல்லோரும் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த இடத்தில். டேங்கில் கலவை ஊற்றியாயிற்று என்று தூங்கப் போய்விடுவார்கள், காலையில் பார்த்தால் மறுபடி அடைப்பு. ஏனென்றால் குழாயில் நிற்பது பழைய தண்ணீர். பல வண்டிகளில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்க ஒரு சின்ன வால்வு வேறு இருக்கும், அதனால் நாசில் வாய் வரைக்கும் பச்சைத் தண்ணீர் அப்படியே நிற்கும், முதலில் உறைவதும் அதுதான். ஆகவே டேங்கில் இருந்த பழைய தண்ணீரை முதலிலேயே பீய்ச்சித் தீர்த்துவிட்டுக் கலவையை ஊற்றுங்கள், அப்புறம் ஸ்பிரிட் வாசனை கண்ணாடியில் அடிக்கும் வரை விட்டுவிட்டுப் பீய்ச்சுங்கள். பின்பக்க வைப்பர் இருந்தால் அதையும்! அந்தக் குழாய் இன்னும் நீளம்.

சரி, தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் கண்ணாடியில் பட்டதும் வெள்ளையாகிவிடுகிறது என்று ஒரு வட்டவடைக்காரர் கேட்டிருந்தார். தெளிந்த வானம் இருக்கிற ராத்திரியில் கண்ணாடி தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும், அதனால் வெளியே இரண்டு மூன்று டிகிரி காட்டினாலும் அதன் மேல் உறைபனி பிடிக்கும். முதலில் ஹீட்டர் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிச் சூடேற்றுங்கள், பனியை ஒரு பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள், வாஷர் அதற்கு அப்புறம்தான். சுடுதண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். வைப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது போட்டால் ரப்பர் கிழியும். ராத்திரியே ஒரு சாக்கைக் கண்ணாடி மேல் விரித்து, ஓரங்களைக் கதவிடுக்கில் செருகிவிட்டால் பாதி வேலை மிச்சம்.

கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமான சானிடைசரை ஊற்றலாமா என்று இன்னொருவர். வேண்டாம், அதில் கிளிசரின் இருந்தால் கண்ணாடி பிசுபிசுக்கும், ஜெல்லாக இருந்தால் நாசிலையும் அடைக்கும். ரேடியேட்டர் கூலன்ட் அதைவிட மோசம்: கண்ணாடியில் படலம் கட்டும், விஷம், இனிப்பாக வேறு இருப்பதால் தெருநாய்கள் நக்கிவிடும்.