ஸ்டேட்டிக் ஜிபிஎஸ்ல கன்ட்ரோல் பாயின்ட் வைக்கிறது: ட்ரைபாட்லேர்ந்து ஆஸ்போஸ் ரிப்போர்ட் வரைக்கும்

லேஅவுட்டோ டோப்போவோ (நில அமைப்பு சர்வே), வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சைட்ல இடம் துல்லியமா தெரிஞ்ச, நம்பகமான பாயின்ட் ரெண்டு மூணு வேணும், அதுதான் கன்ட்ரோல் பாயின்ட். ரிசீவரை அசைக்காம ஒரே பாயின்ட்ல ரொம்ப நேரம் ஓடவிட்டு அதை எடுக்கறதுதான் ஸ்டேட்டிக். டூயல் ஃப்ரீக்வென்சி ரிசீவர் (எல்1, எல்2ன்னு ரெண்டு அலைவரிசை வாங்கறது) ரெண்டு கைல இருந்தா போதும், ப்ராசஸிங் மொத்தமும் காசில்லாமலே முடிச்சிடலாம்: பேஸோட இடத்தை ஆஸ்போஸ்ங்கிற ஆன்லைன் சர்வீஸ் கணக்கு போட்டு குடுக்கும், மத்த பாயின்ட்டை ஆர்டிகேலிப்ங்கிற சாஃப்ட்வேர்ல நாமளே போட்டுக்கலாம். ட்ரைபாட் நிறுத்தறது, பபுள் பாக்குறதெல்லாம் தெரிஞ்சவங்கன்னு வச்சுக்கிட்டுதான் எழுதறேன்.

1. இடம் பிடிக்கிறது

பேஸ் (ஒரே பாயின்ட்ல நிலையா நிக்கிற ரிசீவர்) வைக்கிற இடத்துல அடிவானத்துலேர்ந்து 15 டிகிரிக்கு மேல வானம் சுத்தமா தெரியணும். தென்னை மரத்தடி, தகர ஷெட் ஓரம், தண்ணி டேங்க் பக்கம் எல்லாம் வேண்டாம். அப்புறம் டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கிற கருவி) வச்சு வேலை பாக்கணும்ல, அதனால பாயின்ட் ஒன்னுலேர்ந்து இன்னொன்னு கண்ணுக்கு தெரியற மாதிரி போடுங்க.

2. ஆன்டெனா உயரம் (இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க)

ஸ்டேட்டிக்ல தப்பு வந்தா எல்லாரும் சாஃப்ட்வேரை திட்டுவாங்க, ஆனா பெரும்பாலும் தப்பு ட்ரைபாட் காலடியிலயே நடந்திருக்கும். டேப்பை கல்லு மேல இருக்கிற ஆணிலேர்ந்து ரிசீவரோட பக்கவாட்டு கோடு வரைக்கும் சாய்வா பிடிக்கிறோம், ஆனா ஆஸ்போஸ் கேக்குறது ஆணிலேர்ந்து ஏஆர்பி வரைக்கும் நேர் உயரம், ஏஆர்பின்னா பொதுவா ரிசீவரோட அடிப்பக்கம், ட்ரைப்ராக் அடாப்டர் மேல உக்கார்ற இடம். உதாரணத்துக்கு சாய்வு உயரம் 1.600, ரிசீவர் ஆரம் 10 சென்டிமீட்டர்னா நேர் உயரம் 1.597. இதுல பெருசா ஒன்னும் போகல, 3 மில்லிமீட்டர்தான். ஆனா அந்த பக்கவாட்டு கோடு அடிப்பக்கத்துலேர்ந்து 5 சென்டிமீட்டர் மேல இருக்குன்னா அதையும் கழிக்கணும், அப்போ குடுக்க வேண்டியது 1.547. இதை மறந்தா உயரத்துல அப்படியே 5 சென்டிமீட்டர் அவுட், ரிப்போர்ட் மட்டும் ரொம்ப அழகா மில்லிமீட்டர் கணக்குல வந்து நிக்கும். ஆரமும் அந்த 5 சென்டிமீட்டரும் மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல்ல படம் போட்டிருப்பாங்க, அதை பிரின்ட் எடுத்து பெட்டிக்குள்ள ஒட்டிடுங்க.

மூணு பக்கத்துலேர்ந்து அளந்து சராசரி எடுங்க. வேலை முடிச்சு ஆஃப் பண்றதுக்கு முன்னாடியும் ஒரு தடவை அளங்க, வெயில்ல தார் ரோட்டு ஓரம் ட்ரைபாட் கால் இறங்கியிருக்கும்.

3. லாகிங்

இன்டர்வல் (எத்தனை செகண்டுக்கு ஒரு தடவை பதியணும்) 15 செகண்ட், மாஸ்க் (அடிவானத்துலேர்ந்து எவ்வளவு கீழ இருக்கிற சாட்டிலைட்டை விட்டுடணும்) 10 டிகிரி, இது போதும். பேஸ் ஒரே இடத்துல 6 மணி நேரமாவது ஓடட்டும். ஆஸ்போஸ் 1 மணி நேர ஃபைலையே வாங்கிக்கும், ஆனா அது ஒப்பிட்டு கணக்கு போடற ஐஜிஎஸ் ஸ்டேஷன் (இடம் துல்லியமா தெரிஞ்ச நிரந்தர ஜிபிஎஸ் ஸ்டேஷன்) நம்ம பக்கம் தூரம் தூரமா இருக்கு (பெங்களூரு, ஹைதராபாத்), அதனால அந்த குறைஞ்சபட்சத்தை நான் நம்பறதில்ல. பேஸ் ஓடிட்டு இருக்கும்போதே ரோவரை (ரெண்டாவது ரிசீவரை) மத்த பாயின்ட்ல ஒவ்வொன்னா வைங்க, 20 நிமிஷம், அதோட பேஸ்லேர்ந்து கிலோமீட்டருக்கு 2 நிமிஷம் சேத்துக்கோங்க.

சாயங்காலம் பொழுது சாஞ்சப்புறம் எடுக்காதீங்க. காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டை ஒட்டி போறதால இருட்டினப்புறம் அயனோஸ்பியர் (மேல் வளிமண்டலத்துல இருக்கிற மின்னூட்ட அடுக்கு) கொந்தளிக்கும், மார்ச், செப்டம்பர் மாசங்கள்ல ரொம்ப மோசம், சிக்னல் விட்டு விட்டு வரும்.

4. ஆஸ்போஸ்

ரிசீவர் ஃபைலை ரைனெக்ஸா (எல்லா சாஃப்ட்வேரும் படிக்கிற பொது ஃபார்மேட்) மாத்தி, ஆன்டெனா பேரை ஐஜிஎஸ் லிஸ்ட்ல இருக்கிற மாதிரியே தேர்ந்தெடுத்து, உயரம் குடுத்து, ஈமெயில் போட்டா ரிப்போர்ட் பிடிஎஃப்பா வந்துடும். ஜியோசயின்ஸ் ஆஸ்திரேலியா நடத்தறதுதான், ஆனா உலகத்துல எங்க எடுத்த டேட்டாவையும் வாங்கிக்கும். அவசரம் இல்லன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஃபைனல் ஆர்பிட் (சாட்டிலைட் பாதையோட கடைசி துல்லிய கணக்கு) வந்தப்புறம் திரும்ப ஒரு தடவை போட்டு ஒப்பிட்டு பாருங்க.

எலிப்சாய்டல் உயரம் (பூமிக்கு பதிலா கணக்குக்கு எடுத்துக்கிற எலிப்சாய்டுங்கிற வழவழப்பான வடிவத்துலேர்ந்து உயரம்) மைனஸ்ல வந்தா பதறாதீங்க, சென்னைல அப்படித்தான் வரும். இங்க ஜியாய்டே (கிட்டத்தட்ட கடல் மட்டம்) எலிப்சாய்டுக்கு கீழ 80லேர்ந்து 100 மீட்டர் வரைக்கும் கிடக்கு.

5. பேஸ்லைன்

பேஸ்லேர்ந்து ரோவர் நின்ன பாயின்ட் வரைக்கும் உள்ள கோடுதான் பேஸ்லைன், அதை கணக்கு போட்டா அந்த பாயின்டோட இடம் கிடைக்கும். இதுக்கு நான் ஆர்டிகேலிப்தான், இலவசம், ஸ்க்ரீன் பாக்க பழசா இருக்கும், வேலை சுத்தமா செய்யும். அதுல இருக்கிற ஆர்டிகேபோஸ்ட்ல மோடு ஸ்டேட்டிக், ஃப்ரீக்வென்சி எல்1+எல்2, ஃபில்டர் கம்பைன்ட். பொசிஷன் டேப்ல பேஸுக்கு 'ரைனெக்ஸ் ஹெடர்'னு விட்டுடாதீங்க, அது மீட்டர் கணக்குல தள்ளியிருக்கிற உத்தேச இடம். ஆஸ்போஸ் குடுத்த லாட், லாங், எலிப்சாய்டல் உயரத்தை கையால போடுங்க. ஆன்டெனா டைப்ல ஸ்டார் போட்டா ஹெடர்ல இருக்கிற பேரையும் உயரத்தையும் அதுவே எடுத்துக்கும், அதனால ஹெடர்ல சரியான உயரம்தான் இருக்கான்னு நோட்பேட்ல திறந்து பாத்துடுங்க. ரிசல்ட்ல க்யூ (தரத்தை காட்டற எண்) 1 வரணும், 2 வந்தா அது ஃப்ளோட், அதாவது கணக்கு முழுசா உறுதியாகல, அந்த பாயின்டை திரும்ப எடுக்கணும்.

அப்டேட் 1: "ஜிபிஎஸ் தூரமும் டோட்டல் ஸ்டேஷன் தூரமும் சேரல"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. யூடிஎம்ல (உருண்டை பூமியை ஸோன் ஸோனா தட்டையான கட்டமா மாத்தற முறை) பாத்திருப்பீங்க. மதுரைல தரைல 1 கிலோமீட்டர்னா யூடிஎம் க்ரிட்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கூடுதலா காட்டும், சென்னைல 30 சென்டிமீட்டர் கிட்ட குறைச்சு காட்டும், ஸ்கேல் ஃபேக்டர் அப்படி. இன்னொன்னு, 78 டிகிரி தீர்க்கரேகைல ஸோன் மாறுது, திண்டுக்கல் 43, மதுரை 44, ரெண்டையும் ஒரே ஷீட்ல கலந்தீங்கன்னா பாயின்ட் எங்கயோ போய் விழும்.

அப்டேட் 2: ஃபைல் ரெண்டு தேதியா உடையுதுன்னு ஒருத்தர் கேட்டார். ரிசீவர் உலக நேரப்படி ஓடறதால அதுல தேதி மாறுறது நம்ம காலை 5:30க்கு, அதுக்கப்புறம் ஆரம்பிங்க.

அப்டேட் 3: ரெண்டு வருஷம் கழிச்சு அதே கல்லுல திரும்ப ஆஸ்போஸ் போட்டா 10 சென்டிமீட்டர் கிட்ட தள்ளி வருது, யாராவது கல்லை பிடுங்கி நட்டுட்டாங்களான்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். கல்லு அங்கயேதான்பா இருக்கு, இந்தியாதான் வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் போல வடகிழக்கா நகருது, ஆஸ்போஸ் அன்னைய தேதிக்கு உண்டான ஐடிஆர்எஃப் (உலகம் முழுக்க பொதுவான ஆயத்தொலை சட்டகம்) வேல்யூவை குடுக்குது. அதனால பாயின்ட் லிஸ்ட்ல தேதியையும் எழுதி வைங்க, பழைய சைட்டுக்கு திரும்ப போனா புது வேல்யூ எடுக்காம பழைய வேல்யூவையே பேஸுக்கு குடுத்து பேஸ்லைன் மட்டும் ஓட்டுங்க.