தூத்துக்குடிய ஒரே நாள்ல எப்படிச் சுத்திப் பாக்கலாம்

நம்ம ஊருக்கு வர்ற நிறைய பேரு மாதா கோயில பாத்துட்டு மக்ரூன் வாங்கிட்டு அப்படியே திருச்செந்தூர் பஸ் ஏறிடுறாங்க, அதப் பாத்தா எனக்கு மனசே கேக்காது. கடற்கரைல இருந்து ஆரம்பிங்க, அப்பதான் மத்ததெல்லாம் ஏன் இங்க வந்துச்சுன்னு புரியும்.

சென்னைல இருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல வந்தா காலைல இறங்கிடலாம். பைய ரூம்ல போட்டுட்டு நேரா திரேஸ்புரம் போங்க. நாட்டுப்படகுக்காரங்க கரை இது, வலை பிரிக்கிறது, மீன் ஏலம் எல்லாம் பாக்கலாம், ஏலம் போடுற எடத்துல மட்டும் குறுக்க நிக்காதீங்க, போட்டோ எடுக்கணும்னா ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. முத்துக்குளிப்பு 1961ஓட நின்னுபோச்சு, ஆனா சங்கு குளிக்கிறது இன்னும் இருக்கு, பரம்பரையா கடலுக்குள்ள மூழ்கி எடுக்குற ஆளுங்கள இங்க பாக்கலாம். விசைப்படகு மீன் பாக்கணும்னா ராத்திரி மீன்பிடி துறைமுகம் போங்க, விடிகாலைல போன படகு அன்னைக்கு ராத்திரியே கரைக்கு வந்துரும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், அப்ப விசைப்படகு எதுவும் போகாது, பாத்து பிளான் பண்ணுங்க.

அடுத்து ஒரு ஆட்டோ புடிச்சு பனிமய மாதா கோயில். முத்துச் சலாபத்துக்காக, அதாவது முத்துக்குளிக்கிற கடல்பகுதிக்காக நடந்த சண்டைல பாதுகாப்பு தேடித்தான் இந்தக் கரையோர பரதவர் மக்கள் 1530கள்ல போர்ச்சுகீசியரோட சேர்ந்து கிறிஸ்தவம் தழுவுனாங்க. மாதா சொரூபம் மணிலால இருந்து 1555ல கப்பல்ல வந்தது. 1658ல டச்சுக்காரங்க ஊரப் புடிச்சுட்டாங்க, அவங்க புராட்டஸ்டன்ட், ஆனாலும் இப்ப நிக்கிற கோயில் கட்டுனது 1713ல, அவங்க ஆட்சிலதான்! மாதாவ இந்த மக்கள் எவ்ளோ கெட்டியா புடிச்சிருந்தாங்கன்னு அதுலயே தெரியும். திருவிழா ஜூலை 26 கொடியேத்தம், ஆகஸ்ட் 5 முடிவு, அந்தச் சமயம் வர்றதா இருந்தா ரூம் முன்னாடியே போட்டுடுங்க.

அங்கருந்து பீச் ரோடு வழியா பழைய துறைமுகம் பக்கம் வாங்க. மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்துற தோணிங்கள இங்க பாக்கலாம். வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதிரா வ.உ.சி. 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்த ஊர்ல இருந்துதான், 1908ல இங்க இருந்த கோரல் மில்ங்கிற நூல் ஆலைத் தொழிலாளருக்காக நின்னாரு, அதே வருசம் ஜெயில். கொஞ்ச நேரம் அங்க நின்னு கடலப் பாருங்க.

மத்தியானம் மீன் சாப்பாடு, அப்புறம் நல்லா ரெஸ்ட் எடுங்க, வெயில் சும்மா விடாது. சாயங்காலம் உப்பளம், கோடைல வந்தாத்தான் வெள்ள வெளேர்னு உப்புக் குவியல் பாக்கலாம், ஐப்பசி கார்த்திகைல மழைத்தண்ணிதான் நிக்கும். வரப்புல ஏறுறதுக்கு முன்னாடி வேலை பாக்குறவங்ககிட்ட கேட்டுட்டு ஏறுங்க.

ராத்திரி பரோட்டா சால்னா, அதுக்குத் தனியா வழி சொல்லத் தேவையில்ல, வாசனையே கூட்டிட்டுப் போயிரும்.

மக்ரூன கடைசியா வாங்குங்க. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி மூணும்தான், காத்து பட்டா நமத்துப்போகும், அதனால நல்லா இறுக்கிக் கட்டித்தரச் சொல்லி பைல மேலாப்புல வைங்க, அடில வச்சா ஊருக்குப் போறதுக்குள்ள பொடியாயிரும்.