சாதா ஜிஎஸ்ஸா, ஜிஎஸ் அட்வென்ச்சரா? முடிவெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஎம்டபிள்யூ ஷோரூமில் ஆர் 1300 ஜிஎஸ் (சாதா ஜிஎஸ்), ஆர் 1300 ஜிஎஸ் அட்வென்ச்சர் என்ற இரண்டு நெடும்பயண பைக்குகளும் அக்கம்பக்கத்தில் நின்றால், முதலில் கண் போவது அட்வென்ச்சர் மீதுதான். மலை மாதிரி டேங்க், காற்றைத் தடுக்கும் உயரமான முன்கண்ணாடி, பார்த்த உடனே லடாக் ஞாபகம் வரும். பல வருடம் காசு சேர்த்து, வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கிய பிறகும், இந்த இரண்டில் எது என்ற கேள்வியில் நண்பர்கள் மாதக்கணக்கில் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். தப்பான பக்கம் சாய்ந்து, பைக்கையே அதிகம் வெளியில் எடுக்காமல் விட்டவர்களையும் தெரியும். கவர் போர்த்தி அப்படி நிற்கும் ஒரு நல்ல வண்டியைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு பைக்கின் வித்தியாசம் 100 கிலோமீட்டர் வேகத்தில் கொஞ்சம்தான் தெரியும். நின்றுகொண்டிருக்கும்போதும், பத்து கிலோமீட்டர் வேகத்தில் உருட்டும்போதும்தான் முழுசாகத் தெரியும். பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதிலிருந்தே வருகின்றன.

பெரியது என்றால் சக்தியும் அதிகம் என்று நினைப்பது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டிலும் ஒரே இன்ஜின்: 1,300 சிசி பாக்ஸர் (சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் வகை), 145 குதிரைத்திறன், 149 நியூட்டன் மீட்டர் டார்க். டயர் அளவும் ஒன்றுதான், முன்னால் 19 அங்குலம், பின்னால் 17. அதே இன்ஜின் அட்வென்ச்சரில் 32 கிலோ கூடுதலாக இழுக்கிறது. ஓவர்டேக் செய்ய இன்னும் வலு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

30 லிட்டரை வைத்து மட்டும் முடிவெடுப்பது

இதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பெட்ரோல் டேங்க் சாதா ஜிஎஸ்ஸில் 19 லிட்டர், அட்வென்ச்சரில் 30. கேட்ட உடனே 'ஒரு தடவை நிரப்பினால் அறுநூறு கிலோமீட்டர்' என்று மனசு கணக்குப் போட்டுவிடும்.

இந்தப் பெரிய டேங்க் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். 1980-ல் ஜிஎஸ் வரிசையின் முதல் பைக்கான ஆர் 80 ஜி/எஸ் வந்தது. 1981-ல் சகாரா பாலைவனத்தைக் கடக்கும் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் ஹூபர்ட் ஓரியோல் அந்த வகை பைக்கில் ஜெயித்தார். அந்த வெற்றிகளின் தொடர்ச்சியாக 32 லிட்டர் டேங்க் வைத்த பாரிஸ்-டக்கார் பதிப்பு விற்பனைக்கு வந்தது. பெட்ரோல் கிடைக்காத சகாராவை மனதில் வைத்துப் பிறந்த டேங்க் அது. இன்றைய அட்வென்ச்சர் அதன் வாரிசு.

நாம் ஓட்டும் சாலை அப்படியா? சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வழி நெடுக பங்க். நிறுவனம் சொல்லும் கணக்குப்படி ஜிஎஸ் 100 கிலோமீட்டருக்கு 4.8 லிட்டர் குடிக்கும், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர். லக்கேஜ், பின்னால் ஆள், எதிர்க்காற்று எல்லாம் சேர்த்து 17-க்கு இறங்கினாலும், நான்கு லிட்டரைக் கையிருப்பாக விட்டு 250 கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். அதற்குள் உடம்பு ஒரு தடவையாவது நிறுத்தச் சொல்லும். இடுப்பு பிடிக்கும், தாகம் எடுக்கும், கூட வருபவருக்குக் காபி வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் நம் பயணத்தை நிறுத்துவது டேங்க் கிடையாது, உடம்பு.

பெரிய டேங்குக்கு உண்மையான தேவை எங்கே என்றால், மணாலி-லே சாலை மாதிரி இடத்தில். அந்தச் சாலையில் தாண்டி (Tandi) என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்று எழுதியிருந்த பலகையை லடாக் போன பைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். லிட்டருக்கு 17 என்றால் 365 கிலோமீட்டருக்கு 21 லிட்டருக்கு மேல் வேண்டும். சாதா ஜிஎஸ்ஸின் 19 லிட்டர் அங்கே போதாது. அட்வென்ச்சர் கவலையில்லாமல் தாண்டிவிடும். ஆனால் நிதானமாக யோசியுங்கள். அந்தப் பயணம் வாழ்நாளில் எத்தனை தடவை? ஒன்றோ இரண்டோ என்றால், ஐந்து லிட்டர் பிடிக்கும் நல்ல உலோக கேன் ஒன்றைப் பின்னால் இறுக்கிக் கட்டினால் வேலை முடிந்தது. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். அது ஆபத்து, பல பங்குகளில் அதில் பெட்ரோலும் தரமாட்டார்கள்.

வருடா வருடம் லடாக், ஸ்பிதி என்று சுற்றுகிறவருக்குக் கணக்கே வேறு. பெரிய டேங்கால் இன்னொரு நன்மையும் உண்டு, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நகரத்தில் நம்பிக்கையான பங்கில் நிரப்பிக்கொண்டால், கலப்படம் இருக்குமோ என்று சந்தேகப்படும் உள்ளூர்ப் பங்குகளைத் தவிர்த்துப் போய்விடலாம். கம்ப்ரஷன் அதிகமுள்ள இந்த மாதிரி இன்ஜினுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எடையை வெறும் எண்ணாகப் பார்ப்பது

ஜிஎஸ் 237 கிலோ, அட்வென்ச்சர் 269 கிலோ. '32 கிலோதானே, ஒரு அரிசி மூட்டைதானே' என்று ஒரு நண்பர் கேட்டார். அரிசி மூட்டையைத் தரையில் வைத்தால் தொந்தரவில்லை. அதையே தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால்? அட்வென்ச்சரின் கூடுதல் எடையில் நிறைய பாகம் மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. டேங்க், அதில் கூடுதலாக நிற்கும் சுமார் எட்டு கிலோ பெட்ரோல், கண்ணாடி, எல்லாமே மேலே. வண்டி நேராக இருக்கும்வரை எடையே தெரியாது. கொஞ்சம் சாய்ந்துவிட்டால் பிடித்து நிறுத்துவது கஷ்டம்.

இதோடு ஒட்டி இன்னொரு தவறான நம்பிக்கை: பெரிய பைக் என்றால் பெரிய சுமை தாங்கும். முந்தைய 1250 மாடலை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ் 249 கிலோ, வண்டி, ஆட்கள், லக்கேஜ் எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 465. அட்வென்ச்சர் 268 கிலோ, மொத்தம் 485. கழித்துப் பாருங்கள்: ஒன்றில் 216, இன்னொன்றில் 217. ஒரே ஒரு கிலோ வித்தியாசம்! அந்த 216-ல் ஓட்டுபவர் உடையோடு 90 கிலோ, பின்னால் உட்காருபவர் 73 கிலோ, அலுமினியப் பெட்டிகளும் அவற்றின் சட்டமும் 20 கிலோ என்று வைத்தால் துணிமணிக்கும் கூடாரத்துக்கும் மிச்சம் 33 கிலோதான். இடம் இருக்கிறதே என்று பெட்டிகளை நிரப்பிக்கொண்டே போனால், பெரிய பைக்கிலும் எல்லை சீக்கிரம் வந்துவிடும். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று நானே அதிர்ந்துபோனேன்.

ஷோரூம் டைல்ஸ் தரையில் உட்கார்ந்து பார்த்து முடிவெடுப்பது

சமதளம், ஏசி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள், டேங்கில் இரண்டு லிட்டர்கூட இருக்காது. அந்த நிலையில் எந்த பைக்கும் அடங்கித்தான் இருக்கும்.

என் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். நண்பரின் 1250 அட்வென்ச்சரை ஒருமுறை ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அதன் சீட் உயரம் தாழ்ந்த நிலையிலேயே 890 மில்லிமீட்டர். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைச் சிரமமில்லாமல் ஏறிவிட்டேன். அப்புறம் ஒரு இடதுபக்க வளைவில் எதிரே பஸ் இறங்கி வந்தது. நிறுத்தினேன். வளைவின் உள்பக்கம் சாலை சரிந்திருந்தது. இடது காலை ஊன்றப் போனால் தரை எட்டவில்லை. எட்டியபோது வண்டி சாய்ந்துவிட்டிருந்தது. பாக்ஸர் இன்ஜினின் சிலிண்டர் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் பைக் முழுசாகப் படுக்கவில்லை, எனக்கும் அடியில்லை. ஆனாலும் பின்னால் வந்த இரண்டு பேர் இறங்கிக் கை கொடுத்த பிறகுதான் நிமிர்த்த முடிந்தது. அன்று மிச்சமிருந்த வளைவுகளை எல்லாம் பயந்துகொண்டேதான் ஏறினேன். சாலையை ரசிக்கவே முடியவில்லை.

1300-ல் நிலைமை கொஞ்சம் மேல். அட்வென்ச்சரின் சீட் 870, 890 என்று இரண்டு நிலைகளில் இருக்கிறது, சாதா ஜிஎஸ் 850. நிற்கும்போது தானாகவே சுமார் 30 மில்லிமீட்டர் தாழ்ந்து, வேகம் பிடித்ததும் உயரும் சஸ்பென்ஷன் வசதியும் சில வேரியண்ட்டுகளில் கிடைக்கிறது. உயரம் குறைந்தவர்கள் அது இருக்கிற வேரியண்ட்டைக் கேட்டு வாங்குவது நல்லது. ஆனால் சீட் உயரம் மட்டும் பார்த்தால் போதாது, சீட்டின் அகலத்தையும் பார்க்க வேண்டும். தொடை அகல விரிந்தால் கால் தரையை எட்டும் தூரமும் குறையும். அதனால் காகிதத்தில் ஒரே உயரம் போட்டிருக்கும் இரண்டு பைக்கில் ஒன்று எட்டும், ஒன்று எட்டாது.

டெஸ்ட் ரைடு கேட்கும்போது தயங்காமல் சில விஷயங்களைச் செய்து பாருங்கள். நீங்கள் நிஜமாகப் போடும் பூட்ஸோடு போங்கள். டேங்க் பாதியாவது நிரம்பியிருக்கட்டும், முடியாதென்றால் அந்த எடையையும் மனதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியில் உட்கார்ந்தபடியே லேசான ஏற்றத்தில் பின்னால் தள்ளிப் பாருங்கள். இதில்தான் பலருக்கும் உண்மை தெரியும். இரண்டு கார் அகலச் சாலையில் கால் ஊன்றாமல் யூ-டர்ன் போடுங்கள். ஒரு காலை மட்டும் ஜல்லியில் ஊன்றி நில்லுங்கள். அப்புறம் உங்கள் வீட்டு வாசலை நினைத்துப் பாருங்கள். கேட்டுக்கு உள்ளே சாய்தளம் இருக்கிறதா, ராத்திரி களைத்து வந்த பிறகு தனியாக அதில் ஏற்றித் திருப்பி நிறுத்த முடியுமா? ஹைவேயில் இருபது கிலோமீட்டர் ஓட்டிக் கிடைக்கும் சந்தோஷத்தைவிட இந்தப் பத்து நிமிடம் அதிகம் சொல்லும்.

பின்னால் உட்காருபவரைக் கேட்காமல் வாங்குவது

மனைவியோ மகளோ கூட வருவார் என்றால், பணம் கட்டுவதற்கு முன்னாடியே அவர்களை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். பக்கவாட்டுப் பெட்டிகளை மாட்டிய நிலையில் அவர் ஏறி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். புடவையிலோ தளர்ந்த உடையிலோ ஏறுவது நடக்காத காரியம், ரைடிங் பேண்ட்டிலும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது சோதனைதான். அவர் ஏறுகிற அந்த மூன்று நொடியும் வண்டியின் முழு எடையையும் நீங்கள் இரண்டு காலில் தாங்க வேண்டும். உட்கார்ந்த பிறகு அட்வென்ச்சர் இருவருக்குமே சொகுசு, அதில் சந்தேகமே வேண்டாம்.

பயந்து சாதா ஜிஎஸ்ஸை எடுப்பதும் தவறுதான்

இவ்வளவு சொன்னதால் அட்வென்ச்சர் வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஐந்தடி பதினொரு அங்குலத்துக்கு மேல் உயரம், நல்ல கால் வலு, வருடத்துக்கு மூன்று நான்கு நீண்ட பயணம், பெரும்பாலும் ஹைவே என்றால் அதுதான் உங்கள் வண்டி. 1300-ல் அட்வென்ச்சரின் சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசையும் தூரம் முன்னால் 210, பின்னால் 220 மில்லிமீட்டர், சாதா ஜிஎஸ்ஸில் 190, 200. உடைந்த சாலையில் நாள் முழுக்க ஓட்டும்போது அந்த 20 மில்லிமீட்டர் முதுகுக்குத் தெரியும். அகன்ற டேங்கும் பெரிய கண்ணாடியும் குளிர்காற்றையும் மழையையும் நன்றாகத் தடுக்கும். முப்பந்தல் காற்றாலைப் பகுதியில் எதிர்க்காற்றில் போகும்போது இதன் அருமை தெரியும். அதே இடத்தில் காற்று பக்கவாட்டிலிருந்து அடித்தால், பெரிய பெட்டிகள் அதை வாங்கி வண்டியைத் தள்ளும் என்பதும் உண்மை.

இந்தப் பக்கம் நடக்கும் வழக்கமான தவறு இதுதான்: 'சாதா ஜிஎஸ் போதும், மிச்சக் காசுக்கு வேண்டியதை மாட்டிக்கொள்வேன்' என்று வாங்குவது. உயரமான கண்ணாடி, கிராஷ் கார்டு, பெட்டி மாட்டும் சட்டம், சொகுசு சீட், கூடுதல் விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால், விலையில் மிச்சம் பிடித்ததும் போய், எடையும் ஏறி, கடைசியில் 19 லிட்டர் டேங்க் வைத்த அட்வென்ச்சர்தான் கையில் இருக்கும். கடைசி நட்டு வரை நீங்கள் மாட்டப்போவதை எழுதி, ஆன்-ரோடு விலையோடு கூட்டிப் பார்த்த பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இந்தக் கேள்வி பிஎம்டபிள்யூவோடு முடிவதில்லை. டிரையம்ஃப் டைகர் 1200-ல் ஜிடி ப்ரோவுக்கு 20 லிட்டர், ஜிடி எக்ஸ்ப்ளோரருக்கு 30. டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4-க்கு 22, ராலிக்கு 30. எல்லாவற்றிலும் இதே கணக்குதான். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தவிப்பே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 196 கிலோ வண்டி, 17 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 28 கொடுத்தாலே 470 கிலோமீட்டரைத் தாண்டும்.

முடிவு இன்னும் எட்டவில்லை என்றால், பணம் கட்டுவதைத் தள்ளிப்போட்டு, வாடகைக்கோ நண்பரிடமோ ஒரு அட்வென்ச்சரை இரண்டு நாள் வாங்குங்கள். ஒரு நாள் கொல்லிமலைக்குப் போங்கள், எழுபது வளைவு இருக்கிறது. மறுநாள் அதே பைக்கில் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் போய்ப் பாருங்கள்.