பினாங்குக்குப் போகுமுன்: அத்தையின் பழைய போனைப் பற்றிக் கொஞ்சம்

ஊருக்குப் போகும்போது சொந்தக்காரர் யாருக்கும் புது போன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். சாக்லேட், வைட்டமின் மாத்திரை, மூட்டுவலித் தைலம் இவற்றையெல்லாம் கொடுத்தால் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். போன் மட்டும் அப்படியில்லை. கையில் கொடுத்த நிமிஷத்திலிருந்து விருந்தாளி என்ற மரியாதை போய், வேலைக்கு வந்த ஆளாகிவிடுவீர்கள்.

நான் மெல்பர்னில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். கணக்கர் வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவனுக்குப் போனைப் பற்றியும் எல்லாம் தெரியும் என்று, பினாங்கில் அத்தை இருக்கும் ஆயர் ஈத்தாமில் ஒரு நம்பிக்கை. போன தைப்பூசத்துக்குப் போனபோது அத்தைக்கு ஒரு போன் வாங்கிப் போனேன். அவர் வைத்திருந்தது மாமாவின் போன். 2017-இல் வாங்கியது, ஆண்ட்ராய்ட் 9-ஓடு நின்றுவிட்டது, திரையில் மூலைக்கு மூலை விரிசல். 2021 ஆகஸ்டில் மாமா தவறியபின் அத்தை அதையே வைத்துக்கொண்டார்.

“புதுசு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா பழசுல உள்ளது அத்தனையும் இதுல அப்படியே இருக்கணும். ஒண்ணும் குறையக் கூடாது.”

இந்த ‘அப்படியே’ என்ற சொல்லுக்கு என் இரண்டு வார விடுமுறையில் ஐந்து நாள் போனது.

ஆண்ட்ராய்டில் ‘அப்படியே’ என்பது கிடையாது, ரூட் செய்யாத போனில், அதாவது உள்ளமைப்பு முழுவதையும் தொடும் அதிகாரத்தைத் திறந்துவிடாத போனில், நிச்சயமாகக் கிடையாது. ஒவ்வொரு செயலிக்கும் உள்ளே தனித்தனியாக ஒரு பூட்டிய அறை இருக்கிறது. அதன் அமைப்புகள், உரையாடல்கள், கடவுச்சாவிகள் எல்லாம் அதற்குள்தான். அந்தச் செயலி தவிர வேறு யாரும், போனுக்குக் காசு கொடுத்த நாமும்கூட, நுழைய முடியாது. கேபிள் மாட்டினால் கணினியில் தெரிவது முன்கூடம் மட்டும்: படங்கள், வீடியோக்கள், பாட்டுகள், இறக்கி வைத்த கோப்புகள். அவற்றை எடுத்துக்கொள்ளலாம். பூட்டிய அறைகளுக்குக் கூகிளின் தானியங்கி பேக்கப் இருக்கிறது, ஆண்ட்ராய்ட் 6-இலிருந்து. ஒரு செயலிக்கு 25 எம்பி வரை, அதுவும் அந்தச் செயலி சம்மதித்தால்தான். போன் சார்ஜில் இருக்க வேண்டும், வைஃபையில் இருக்க வேண்டும், யாரும் அதைத் தொடாமல் இருக்க வேண்டும். அதாவது ராத்திரி.

அத்தை வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். இடி விழுந்தால் போய்விடுமாம். போனையும் சார்ஜிலிருந்து கழற்றிச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். ஏழு வருஷத்தில் அந்தப் போன் ஒருநாள்கூட முழு பேக்கப் எடுத்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவரின் போனில் ‘பேக்கப் ஆன்’ என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். கடைசியாக எடுத்த தேதியைப் பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. பழைய போனில் இடம் நிரம்பி வாட்ஸ்அப் முரண்டு பிடித்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்று அழித்தேன். திரும்பப் போட்டபோது அது நம்பரைக் கேட்டது. மாமாவின் நம்பர். போட்டேன். அந்த நம்பருக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம் என்றது.

அந்த சிம் செத்துப்போய் மாதங்கள் ஆகியிருந்தன. தம்பி மகன் அத்தைக்கு வேறு லைன் எடுத்துக் கொடுத்திருந்தான். பழைய பிரிபெய்டுக்கு யாரும் டாப்அப் போடவில்லை. வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் மட்டும் பழைய நம்பரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. சிம் இல்லாவிட்டாலும் அது ஓடும். அழித்து மறுபடி போடும்போதுதான் சிம்மைத் தேடும். அழித்தவன் நான்.

அத்தை திட்டவில்லை. “மாமா பேசினதெல்லாம் அதுலதான் இருந்துச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பேரங்காடியில் இருக்கும் தொலைபேசி நிறுவனத்தின் கிளையில் நம்பர் சீட்டு எடுத்தேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், எல்லாம் ஒன்றுதான். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். கவுண்டரில் இருந்த பெண் கனிவாகவே பேசினார். நம்பர் யார் பெயரில் இருக்கிறதோ அவரே ஐசியோடு, அதாவது அடையாள அட்டையோடு, நேரில் வர வேண்டும் என்றார்.

“அவர் இறந்துவிட்டார்.”

“ஓ. மாஃப் யா” என்று மலாயில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். கொஞ்சம் கழித்து, “அப்படியென்றாலும் பதிவு செய்தவர்தான் வர வேண்டும்” என்றார். அவர் கேலி செய்யவில்லை. திரையில் அப்படித்தான் போட்டிருந்தது.

மேலாளர் வந்தார். மரணச் சான்றிதழ், கல்யாணப் பத்திரம், மனைவியின் ஐசி, எல்லாம் அசல், மனைவி நேரில் வரணும். சரி. இரண்டாம் நாள், முழங்கால் வலியோடு இருக்கும் அத்தையைக் கிராப் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். நம்பர் சீட்டு, ஒரு மணி நேரம். கல்யாணப் பத்திரத்தில் மாமா பெயரில் ஒரு ‘எச்’ இருந்தது, ஐசியில் இல்லை. தோட்டத்தில் பிறந்த தலைமுறையில் யார் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது? தோட்டத்து எழுத்தரான கிராணி காதில் விழுந்தபடி எழுதினார், பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி எழுதினார்கள், ஐசி எடுக்கும்போது மூன்றாவது மாதிரி. என் அப்பாவுக்கும் இதே கதைதான். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அதற்கு ஒரு நாள், கொஞ்சம் ரிங்கிட். மூன்றாம் நாள் எல்லாக் காகிதத்தையும் வாங்கி அடுக்கிப் பார்த்துவிட்டு, நம்பரின் காலக்கெடு முடிந்து அது நிறுவனத்துக்கே திரும்பிவிட்டது, இனி எடுக்க முடியாது என்றார்கள். இதை முதல் நாளே அந்தத் திரையில் பார்த்திருக்கலாம் அல்லவா என்று கேட்டேன். மூன்றாவது கோப்பைக் காப்பி குடித்த குரலில் கேட்டிருப்பேன் போலிருக்கிறது. அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“விடு தம்பி. அவங்க என்ன பண்ணுவாங்க.”

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் உங்களுக்கு உண்மையில் பயன்படப்போவது இதுதான். வாட்ஸ்அப்பை அழிப்பதற்கு முன்னால், பழைய போனில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, அமைப்புகளில் கணக்கு என்பதைத் திறந்தால் ‘எண்ணை மாற்று’ என்று ஒன்று இருக்கிறது. பழைய நம்பரையும் புது நம்பரையும் கொடுத்தால் போதும். சரிபார்க்கும் செய்தி புது நம்பருக்குத்தான் போகும். உரையாடல்கள் அப்படியே இருக்கும். அதன்பின் பேக்கப் எடுத்துப் புது போனில் புது நம்பரோடு திறக்கலாம், அல்லது இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து கியூஆர் குறியீட்டைக் காட்டி நேராக மாற்றலாம். பத்து நிமிஷ வேலை. இது எனக்கு நான்காம் நாள் தெரிந்தது.

நான்காம் நாள் கொம்தார் பக்கம் ஒரு போன் பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். சீனப் பையன், இருபது வயதுக்கு மேல் இருக்காது. ரூட் செய்து அந்தப் பூட்டிய அறையைத் திறந்து பழையதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். ரூட் செய்யணும் என்றால் முதலில் போனைத் துவக்கிவைக்கும் பூட்லோடரைத் திறக்கணும், திறக்கும்போதே போனில் உள்ளது அத்தனையும் அழிந்துவிடும் அங்கிள் என்றான். எடுக்க வந்ததை அழித்துவிட்டுத்தான் எடுக்க முடியும். இப்படி ஒரு பூட்டு. வாட்ஸ்அப் போனிலேயே எழுதிவைக்கும் தினசரி பேக்கப் கோப்பு அப்படியே இருந்தது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுதுவது. ஆனால் அதன் சாவி அந்த நம்பரைச் சரிபார்த்த பிறகுதான் கிடைக்கும். காசு வாங்க மறுத்துவிட்டான். போகும்போது, “வாய்ஸ் மெசேஜ் மட்டும் வேணுமா? அது பூட்டுக்குள்ள இல்லையே” என்றான்.

குரல் செய்திகள் பூட்டிய அறையில் இல்லை. முன்கூடத்தில் இருக்கின்றன. எழுத்து உரையாடல்தான் பூட்டுக்குள். குரல், படம், வீடியோ எல்லாம் சாதாரணக் கோப்புகளாக வாட்ஸ்அப் ஃபோல்டரில், ‘மீடியா’ என்பதற்குள் கிடக்கின்றன. அத்தையின் பழைய போனில் அந்த ஃபோல்டர் வெளியிலேயே இருந்தது, அதனால் நான் செயலியை அழித்தும் பிழைத்தது. புதிய போன்களில் அது ‘ஆண்ட்ராய்ட்’, அதற்குள் ‘மீடியா’, அதற்குள் ‘காம்.வாட்ஸ்அப்’ என்று ஆழத்தில் இருக்கும். அங்கே இருந்தால் பிழைக்கும் என்று நம்பாதீர்கள். எதை அழிப்பதாக இருந்தாலும் முதலில் அந்த ஃபோல்டரைக் கேபிள் போட்டு லேப்டாப்புக்கு நகல் எடுத்துவிடுங்கள். ரூட் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், நம்பர் வேண்டாம், கவுண்டர் வேண்டாம்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

அத்தை விரும்பிய ஒரு பழைய பஞ்சாங்கச் செயலி பிளே ஸ்டோரிலேயே இப்போது இல்லை. செயலியின் நிறுவும் கோப்பை, அதாவது ஏபிகே-யை, ரூட் இல்லாமலே பழைய போனிலிருந்து உருவி எடுக்கலாம். எடுத்தேன். புது போன் ஏற்கவில்லை. மிகப் பழைய ஆண்ட்ராய்டுக்காக எழுதிய செயலிகளை ஆண்ட்ராய்ட் 14-இலிருந்து நிறுவவே விடுவதில்லை. லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கடையில் தினசரி நாள்காட்டி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டினேன். அத்தைக்கு அதில் குறையில்லை.

லேப்டாப்பில் கட்டளை எழுதிப் பழகியவர்கள் ‘ஏடிபி பேக்கப்’ பற்றிச் சொல்வார்கள். ஒரு காலத்தில் ரூட் இல்லாதவர்களுக்கு அதுதான் வழி. ஆண்ட்ராய்ட் 12-க்கு ஏற்ப எழுதிய செயலிகளின் தரவை அது எடுக்காது. அதற்கு முன்பும் வங்கிச் செயலிகள் தங்களைச் சேர்க்காதே என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். அதில் நேரம் போக்காதீர்கள். சாம்சங்குக்கு மாறுகிறவர்கள் ஸ்மார்ட் சுவிட்ச் போட்டுக் கேபிளால் இணைத்தால் தொடர்புகள், செய்திகள், படங்கள் வந்துவிடும். அது போதும்.

மலேசிய வங்கிக் கணக்கை இன்னும் வைத்திருக்கிறவர்களுக்கு: வங்கிச் செயலியை எந்த பேக்கப்பாலும் மாற்ற முடியாது. 2022-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்ன பிறகு ஒருவருக்கு ஒரு சாதனம்தான், புது போனைப் பதிவு செய்தால் சில மணி நேரம் காத்திருக்கவும் வைப்பார்கள். ஆகவே போன் மாற்றுவதாக இருந்தால் ஊரில் இறங்கிய முதல் நாளே மாற்றுங்கள், மலேசிய நம்பர் கையில் வேலை செய்யும்போதே. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டு செய்கிற வேலை அல்ல. அந்த மலேசிய நம்பருக்கு வெளிநாட்டிலிருந்தே டாப்அப் போட்டுக்கொண்டிருங்கள். அது செத்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஆத்தென்டிகேட்டர் செயலியில் எண் வாங்குகிறவர்கள் கிளம்புமுன் அதை இன்னொரு போனுக்கு ஏற்றி வையுங்கள். பழைய போனை யாருக்காவது கொடுப்பதானால் கூகிள் கணக்கை முறையாக நீக்கிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அழித்த பிறகும் அது உங்கள் கணக்கையே கேட்டு அடம்பிடிக்கும்.

சரி. ஐந்தாம் நாள்.

ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் குரல் கோப்புகள். வருஷமும் வாரமும் சேர்ந்த எண்ணோடு சின்னச் சின்ன ஃபோல்டர்கள், ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தேதி. யார் பேசியது, யாருக்குப் பேசியது என்று எதிலும் இல்லை. விஎல்சி பிளேயரில் ஒவ்வொன்றாகத் திறந்து கேட்பதைத் தவிர வழியில்லை. தே தாரிக்கை வைத்துக்கொண்டு அத்தையும் நானும் மேசையில் உட்கார்ந்தோம். மீன் விலை. யாரோ ஒருவருடைய இருமல். பிறை என்ற ஊரிலிருந்து சின்னத்தை, கோயில் கணக்கைப் பற்றி மூன்று நிமிஷம். மாமா குரல் வந்தால் அத்தை விரலைத் தூக்குவார், நான் தனி ஃபோல்டரில் போடுவேன். “பசியாறிட்டியா, மருந்து சாப்பிட்டியா” என்று ஒரே மாதிரி இருபது முப்பது. எல்லாவற்றுக்கும் விரல் தூக்கினார்.

மதியத்துக்கு மேல் 202006 என்ற ஃபோல்டர். கோப்பில் 2020 பிப்ரவரி 7 என்று தேதி. தைப்பூசத்துக்கு முதல் நாள். பின்னால் உறுமி, ஜனங்களின் சத்தம். மாமா கத்திப் பேசுகிறார்: “தம்பி, ரதம் கிட்ட வந்துடுச்சுடா. சத்தம் கேக்குதா? தங்க ரதம் ஒண்ணு, வெள்ளி ரதம் ஒண்ணு. அடுத்த வருஷம் நீயே வந்து பாத்துக்க.” அப்புறம் ஏழு எட்டு வினாடி வெறும் மேளம்.

நான் அதன் பிறகு இரண்டு போன் மாற்றிவிட்டேன். என்னிடம் அது இல்லை. மாமா போனபோது எல்லை மூடியிருந்தது, அது எல்லாருக்கும் தெரிந்த காரணம். மலேசியா 2022 ஏப்ரலில் திறந்துவிட்டது. நான் வந்தது போன தைப்பூசத்துக்கு.

அத்தை விரலைத் தூக்கவில்லை. “இது உனக்கு அனுப்பினது” என்றார். அதே ஃபோல்டரில் அடுத்த கோப்பைத் திறக்கச் சொன்னார். சின்னத்தை பேசினார். அதற்கடுத்ததிலும் வேறு யாரோ.

“நீ என்ன பதில் சொன்ன?”

“எழுத்துல அனுப்பினேன் அத்தை” என்றேன். “எழுத்து இந்த ஃபோல்டர்ல வராது.”

“ஓ” என்றார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த ரதச் சத்தத்தைப் புது போனில் முதலில் போடச் சொன்னார்.