விடை தெரியும், உள்ளீடு தெரியாது: சைபையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

5,00,000 ரூபாய் கடன், 60 மாதம், மாதத் தவணை 11,122.22 ரூபாய். வட்டி எவ்வளவு? தவணைச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு வட்டியைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. பைத்தானின் சைபை நூலகத்தில் உள்ள ஆப்டிமைஸ் பகுதியிடம் கொடுத்தால் மாதம் 0.01, அதாவது 1 சதவீதம் என்று சொல்லிவிடும். கேட்க வேண்டிய விதத்தில் கேட்டால்தான்.

இங்கு நாம் பார்க்கும் நிரல்கள் சார்பு பூஜ்யமாகும் இடத்தைத்தான் தேடும். தவணையைக் கணக்கிடும் சார்பை அப்படியே கொடுத்தால், 'தவணை எப்போது பூஜ்யமாகும்?' என்று கேட்டதாகிவிடும். கணக்கிட்ட தவணையிலிருந்து 11,122.22-ஐக் கழித்துக் கொடுங்கள்.

ஒரே ஒரு மாறிதான் என்றால் 'பிரென்ட்க்யூ' என்ற நிரல் போதும். தேடும் எல்லையின் இரு முனைகளிலும் சார்பின் குறி எதிரெதிராக இருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. கீழ்முனையாக 0 கொடுத்தால் சூத்திரம் 0/0 ஆகி முறிந்துவிடும். 0.0001 கொடுங்கள், தவணை சுமார் 8,359 வரும், அதாவது இலக்குக்குக் கீழே. மேல்முனை 0.1 என்றால் சுமார் 50,165, இலக்குக்கு மேலே. விடை நடுவில் சிக்கிக்கொண்டது.

குறி மாறவில்லை என்று பிழை வந்தால் பலரும் எல்லையை இன்னும் அகலமாக்குகிறார்கள். இது பெரிய தவறு. 100 ரூபாய் முதலீடு, முதலாண்டு இறுதியில் 230 வரவு, இரண்டாம் ஆண்டு இறுதியில் 132 செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தை மூடும்போது நிலத்தைச் சீர்செய்யும் செலவு இப்படித்தான் கடைசியில் வந்து நிற்கும். இதன் உள்ளார்ந்த வருவாய் விகிதம், அதாவது வரவு செலவுகளின் இன்றைய மதிப்பைக் கூட்டினால் பூஜ்யம் வரும் விகிதம், 10 சதவீதமும்தான், 20 சதவீதமும்தான். எல்லையை 0 முதல் 0.5 வரை வைத்தால் இரு முனையிலும் அந்தக் கூட்டுத்தொகை எதிர்மறை. இரண்டு விடைகள் உள்ளே இருந்தும் பிழைதான் வரும். 0 முதல் 0.15 வரை குறுக்கினால் 10 கிடைக்கும், 0.15 முதல் 0.5 வரை வைத்தால் 20. முதலில் சார்பை வரைபடமாக வரைந்து பார்ப்பதற்கு ஈடான வழி எதுவும் இல்லை.

குறி மாறும் இடமெல்லாம் விடையும் அல்ல. டேன் சார்பை 1 முதல் 2 ரேடியன் வரை தேடச் சொன்னால் 1.5708 என்று திருப்பித் தரும், 'விடை கண்டேன்' என்ற நிலைக் குறிப்போடு. அங்கே சார்பு பூஜ்யம் ஆகவில்லை, முடிவிலிக்கு எகிறுகிறது. கிடைத்த எண்ணைச் சார்பில் மீண்டும் போட்டுப் பார்த்தால் உடனே அகப்பட்டுவிடும். இந்த ஒரு வரிச் சோதனையை எந்த நிரலிலும் விடாதீர்கள்.

'நியூட்டன்' என்ற நிரல் வேகமானது, ஆனால் தொடக்க மதிப்பை நம்பியே ஓடுகிறது. x³ − 2x + 2 என்ற சார்பை, வகைக்கெழுவையும் கொடுத்து 0-வில் தொடங்கினால் 0, 1, 0, 1 என்று ஊசலாடி, 50 சுற்று முடிந்ததும் பிழையோடு நிற்கும். இப்படி வெளிப்படையாக நின்றால் நல்லது. பல மாறிகளுக்கான 'எஃப்சால்வ்' தோற்றாலும் ஓர் எச்சரிக்கையை மட்டும் அச்சிட்டுவிட்டு, கடைசியாக இருந்த எண்ணைத் தந்துவிடும். முழு வெளியீடு கேட்டால் அந்த எச்சரிக்கையும் வராது. கூடவே வரும் நிலைக் குறியீடு 1-தானா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கண்டுபிடிக்கக் கடினமானது, சார்புக்குள் ஒளிந்திருக்கும் முழுமையாக்கல், அதாவது தசமங்களை வெட்டி அருகிலுள்ள எண்ணாக்குவது. தவணையைப் பைசாவுக்கு முழுமையாக்கும் வரி உள்ளே இருந்தால் சார்பு படிக்கட்டாகிவிடும். சாய்வை அளக்க எஃப்சால்வ் வட்டியை அசைக்கும் அளவு 0.01-க்குச் சுமார் 1.5 × 10⁻¹⁰. அதனால் தவணை மாறுவது ஏறக்குறைய 0.00005 ரூபாய், பைசாவில் இருநூறில் ஒரு பங்கு. முழுமையாக்கியதும் அது மறைந்து, சாய்வு பூஜ்யமாகத் தெரியும். எந்தப் பக்கம் நகர்வது என்று நிரலுக்குத் தெரியாது. முழுமையாக்கலை விடை கிடைத்த பிறகு செய்யுங்கள்.